கம்ப்யூட்டர் போனாலும் கோப்புகள் போகாமல் இருக்க: வீட்டுப் பயனர்களுக்கான முழு பேக்கப் வழிகாட்டி

நாளைக் காலை கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள், திரை கறுப்பாகவே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் கடைக்காரர் பார்த்துவிட்டு ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்கிறார். புது டிஸ்க் போட்டு, விண்டோஸ் ஏற்றி, சாயந்திரத்துக்குள் கையில் கொடுத்தும் விடுவார். ஆனால் குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், அப்பா உட்கார்ந்து தட்டச்சு செய்த குடும்ப வரலாறு, வருமான வரிக் கணக்குகள், இதெல்லாம் எங்கிருந்து வரும்?

எந்த சாஃப்ட்வேர் நல்லது என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். நான் மறுமுனையிலிருந்து தொடங்கச் சொல்வேன். இழந்த பிறகு எதைத் திரும்பப் பெற வேண்டும், யார் பெறப்போகிறார்கள், எந்தக் கருவியில் திறந்து பார்ப்பார்கள்? இதற்கு விடை தெரிந்துவிட்டால் சாஃப்ட்வேர் தேர்வு தானாக அமைந்துவிடும். கீழே இருப்பவை விண்டோஸ் 10, 11 வைத்திருக்கும் வீட்டுக்கு ஏற்றவை. பெரும்பாலான கருவிகள் இலவசம்.

முதல் படி: வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கம்ப்யூட்டரில் உள்ளவை இரண்டு வகை. விண்டோஸ், ஆபீஸ், விளையாட்டுகள், இணையத்தில் இறக்கிய படங்கள் எல்லாம் மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடியவை. நீங்களே உருவாக்கியவை, உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியவை மறுபடி கிடைக்காது. பேக்கப் இந்த இரண்டாவது வகைக்குத்தான். இதைப் பிரித்துப் பார்த்தாலே மலைப்பு பாதி குறைந்துவிடும்.

தேடுவதற்கு இரண்டு கருவிகள் போதும். விஸ்ட்ரீ என்பது டிஸ்கில் எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று சில நொடிகளில் காட்டிவிடும். எவ்ரிதிங் என்பது கோப்பின் பெயரில் ஒரு பகுதியைத் தட்டியதுமே டிஸ்க் முழுவதும் தேடித் தரும். இரண்டும் விண்டோஸ் வைத்திருக்கும் கோப்புப் பட்டியலையே நேரடியாகப் படிப்பதால்தான் இவ்வளவு வேகம். எவ்ரிதிங்கில் ஜேபிஜி என்று ஆங்கிலத்தில் தட்டி, இருக்கும் இடத்தின்படி வரிசைப்படுத்துங்கள். போட்டோக்கள் எந்தெந்த மூலைகளில் கிடக்கின்றன என்று தெரியும்.

பெரும்பாலும் விட்டுப்போகும் இடங்கள் இவை: டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஃபோல்டர் (வங்கி ஸ்டேட்மென்ட், மார்க்‌ஷீட் பிடிஎஃப் எல்லாம் அங்கேதான் கிடக்கும்), டி டிரைவில் 'பழைய கம்ப்யூட்டர்' என்ற பெயரில் போட்டு வைத்தது, பிரவுசரின் புக்மார்க்குகள், அவுட்லுக் பயன்படுத்துபவர்களுக்கு டாக்குமென்ட்ஸுக்குள் இருக்கும் மின்னஞ்சல் கோப்பு. அப்புறம் போன். இன்று குடும்பப் படங்களில் பெரும்பகுதி போனில்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு என்றால் யூஎஸ்பி கேபிள் போட்டு, கேமராவில் எடுத்த படங்கள் இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டரையும், ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் மீடியா என்பதில் இருக்கும் வாட்ஸ்அப் ஃபோல்டரையும் கம்ப்யூட்டருக்கு நகல் எடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே தாய் ஃபோல்டருக்குள் கொண்டுவாருங்கள். 'வீடு' என்று பெயர் வையுங்கள். உள்ளே போட்டோ, ஆவணம், கணக்கு, தமிழ் என்று நாலைந்து பிரிவுகள். தேதி சேர்க்கும்போது வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் 2024-11-03 என்று எழுதினால் தானாகவே காலவரிசையில் நிற்கும்.

கோப்புப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், ஆனால் சுருக்கமாக இருக்கட்டும். லினக்ஸில் ஓடும் வீட்டு ஸ்டோரேஜ் பெட்டிகளிலும் போன்களிலும் ஒரு பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் செலவாகும் என்பதால் 85 குறியீடுகளோடு தீர்ந்துவிடும். 'தி' என்பதே இரண்டு குறியீடு. விண்டோஸில் பிரச்சினை இல்லாமல் இருந்த நீளமான பெயர் அங்கே போகும்போது 'நகலெடுக்க முடியவில்லை' என்று நிற்பதற்கு இதுதான் காரணம்.

தமிழில் எழுதிய பழைய கோப்புகள்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பொதுவான பேக்கப் வழிகாட்டிகளில் இது இருக்காது. நம் வீடுகளில் ஏராளமான எழுத்து இப்படித்தான் பயனில்லாமல் போகிறது.

யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அந்தக் கோப்புக்குள் தமிழ் எழுத்து எதுவும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் இருக்கின்றன. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. பாமினியில் 'தமிழ்' என்ற சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று ஐந்து குறிகளாகத்தான் பதிவாகியிருக்கும். கோப்பை மட்டும் பத்திரமாக பேக்கப் எடுத்து, எழுத்துருவை எடுக்காமல் விட்டால், புதுக் கம்ப்யூட்டரில் திறக்கும்போது பக்கம் பக்கமாக இந்த ஆங்கிலக் குவியல்தான் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை, ஆனால் பார்ப்பவர் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவார்.

செய்ய வேண்டியது இது. பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பைத் திறந்து, ஒரு வரியைத் தேர்ந்து, மேலே எழுத்துருவின் பெயர் என்ன என்று பாருங்கள். கன்ட்ரோல் பேனலில் ஃபான்ட்ஸ் பகுதிக்குப் போய் அந்த எழுத்துருவை நகலெடுத்து 'தமிழ்' ஃபோல்டருக்குள் 'எழுத்துரு' என்ற உள்ஃபோல்டரில் போடுங்கள். அதே கோப்பை பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். பிடிஎஃப்புக்குள் எழுத்துரு பதிந்துவிடுவதால் எந்தக் கருவியிலும் படிக்கலாம். கடைசியாக என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்றுங்கள். மாற்றியதை ஒரு முறை கண்ணால் படித்துப் பாருங்கள். கொம்பு, கால், மேற்கோள் குறிகள் இடம் மாறுவதுண்டு. மூலக்கோப்பு, பிடிஎஃப், யூனிகோடு மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும்.

டிடிபி கடையில் கொடுத்துச் செய்த நினைவு மலரோ கவிதைத் தொகுப்போ, பக்க வடிவமைப்புக்கான பழைய சாஃப்ட்வேரான பேஜ்மேக்கரின் கோப்பாக இருந்தால் இன்னும் அவசரம். அதற்குப் பின் வந்த இன்டிசைன் சாஃப்ட்வேரில் சிஎஸ்6 பதிப்பு வரைதான் அதைத் திறக்க வழி இருந்தது. பிறகு வந்த பதிப்புகளில் இல்லை. பேஜ்மேக்கர் ஓடுகிற கம்ப்யூட்டர் எங்காவது கிடைக்கும்போதே பிடிஎஃப் வாங்கிவிடுங்கள்.

எங்கே வைப்பது

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 விதி வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். கம்ப்யூட்டரில் இருப்பது முதல் பிரதி. வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் இரண்டாவது. மூன்றாவது இன்னொரு டிஸ்கில் வேறு வீட்டில், அல்லது இணையச் சேமிப்பான கிளவுடில்.

வேறு இடம் என்பதை ஆடம்பரமாக நினைக்காதீர்கள். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் தரைத்தள வீடுகளுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கம்ப்யூட்டர் மேசையும் அதே மேசையின் இழுப்பறையில் இருக்கும் பேக்கப் டிஸ்கும் சேர்ந்தேதான் நனையும். திருட்டும் தீயும் அப்படித்தான். இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றை அக்கா வீட்டிலோ ஊரில் பெற்றோர் வீட்டிலோ வைத்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது மாற்றிக்கொண்டு வரலாம். டிஸ்க் வாங்குவதைத் தவிர வேறு செலவில்லாத ஏற்பாடு, நன்றாக வேலை செய்யும்.

வாங்கும்போது ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். பென் டிரைவ் கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக மட்டும். சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேகமானது, ஆனால் மின்சாரமே பாயாமல் நீண்ட காலம் அலமாரியில் கிடந்தால் அதில் உள்ள தரவு மெல்ல அழியும் வாய்ப்பு உண்டு. 1 டிபி என்று எழுதிய டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், எண்ணும் முறைதான் வேறு. வீட்டில் எல்லாம் விண்டோஸ் என்றால் டிஸ்கை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. கல்யாண வீடியோ அங்கேயே நின்றுவிடும்.

பேக்கப் எடுப்பது: ஃப்ரீஃபைல்சிங்க் வழி

வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது ஃப்ரீஃபைல்சிங்க். காரணம் எளிது: இது கோப்புகளை அப்படியே கோப்புகளாக நகலெடுக்கிறது. திரும்பப் பெற இந்த சாஃப்ட்வேரே தேவையில்லை, டிஸ்கை எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் படங்கள் திறக்கும். சில பேக்கப் சாஃப்ட்வேர்கள் எல்லாவற்றையும் தனக்கே உரிய பெரிய பெட்டிக்குள் அடைத்துவிடும். பத்து வருஷம் கழித்து அந்த நிறுவனம் இருக்குமா என்று யாருக்குத் தெரியும்?

1. அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். கூகுள் தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். பிரபலமான இலவச சாஃப்ட்வேர்களின் பெயரில் போலித் தளங்கள் அப்படித்தான் வலை விரிக்கின்றன. எல்லாக் கருவிகளுக்கும் இதே பேச்சுதான்.

2. டிஸ்குக்கு ஒரு பெயர் கொடுங்கள், 'பேக்கப்1' என்பது போல. இடப்பக்கப் பெட்டியில் 'வீடு' ஃபோல்டரையும், வலப்பக்கத்தில் டிஸ்கில் உருவாக்கிய அதே பெயர் ஃபோல்டரையும் இழுத்துப் போடுங்கள். இடமிருந்து வலம்தான் நகல் போகும். இதை மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

3. பச்சைப் பல்சக்கரத்தைச் சொடுக்கினால் வரும் வகைகளில் 'அப்டேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதியதும் மாறியதும் மட்டும் நகலாகும். 'மிரர்' என்பது இடப்பக்கத்தில் அழித்ததை வலப்பக்கத்திலும் அழித்துவிடும். தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டு மிரர் ஓட்டினால் இரண்டு பக்கமும் போய்விடும்.

4. அதே இடத்தில் 'வெர்ஷனிங்' என்பதைத் தேர்ந்து, டிஸ்கிலேயே 'பழையவை' என்ற ஃபோல்டரைக் காட்டுங்கள். ஒரு கோப்பின் மேல் புதுப் பதிப்பு எழுதப்படும்போது பழையது அங்கே போய் உட்காரும். மகன் புராஜெக்ட் ரிப்போர்ட்டைத் தவறாக மாற்றிச் சேமித்தாலும் போன வாரத்துப் பதிப்பு கிடைக்கும்.

5. முதலில் 'கம்பேர்', அப்புறம்தான் 'சிங்க்ரனைஸ்'. நடுவில் நிறுத்தி, எத்தனை கோப்பு புதிதாகப் போகிறது, எத்தனை கோப்பின் மேல் எழுதப்படுகிறது என்ற எண்களைப் பாருங்கள்.

இந்த ஐந்தாவது படியைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். இந்த வாரம் நீங்கள் தொட்டது இருபது கோப்புதான், ஆனால் எட்டாயிரம் கோப்புகள் மாறியிருப்பதாகத் திரை சொல்கிறது என்றால் உடனே நிறுத்தி, டிஸ்கைக் கழற்றுங்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்ற தீய நிரல் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டிருக்கலாம். அந்த எண்ணைக் கவனிக்காமல் பட்டனை அழுத்தினால் பூட்டிய கோப்புகள்தான் பேக்கப்பாகும்.

6. வேலை முடிந்ததும் டாஸ்க்பாரில் உள்ள 'சேஃப்லி ரிமூவ்' வழியாக டிஸ்கைக் கழற்றி, அலமாரியில் வையுங்கள்.

கழற்றி வைப்பதில்தான் பாதிப் பாதுகாப்பு இருக்கிறது. செருகியே இருக்கும் டிஸ்கை ரான்சம்வேர் கம்ப்யூட்டரோடு சேர்த்தே பூட்டும். மழைக்கால இடியில் மின்னழுத்தம் தாறுமாறாக எகிறினால் அதுவும் இரண்டையும் சேர்த்தே தாக்கும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களை முடக்கியது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. வீட்டுப் பயனர்களை அதிகம் பிடிக்கும் ரான்சம்வேர் வகைகள் கிராக் செய்த சாஃப்ட்வேர்களோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஃபோட்டோஷாப் கிராக் தேடுவதற்குப் பதிலாக கிம்ப் போன்ற இலவசக் கருவியைப் பழகிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. இன்னும் அதிலேயே இருப்பவர்கள் நீட்டிப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யவோ மாறவோ வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு நேரம் வைத்துக்கொண்டால் முதல் தடவைக்குப் பிறகு சில நிமிஷத்தில் முடியும்.

கிளவுட் பற்றி ஒரு தெளிவு

ஒன்டிரைவும் கூகுள் டிரைவும் அடிப்படையில் ஒத்திசைவுக் கருவிகள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு போய்விடும். 'ஒன்டிரைவில் இருக்கிறது, கவலையில்லை' என்று பலர் நம்புகிறார்கள். அது மூன்றில் ஒரு பிரதி, அவ்வளவுதான். இலவச இடம் கூகுளில் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5 ஜிபி. கூகுளின் அந்த 15-க்குள்தான் ஜிமெயில், போட்டோஸ், ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் அடங்க வேண்டும். எனவே இலவச கிளவுடில் முக்கிய ஆவணங்களை மட்டும் வைப்பது நல்லது.

இன்னொன்று. ஒன்டிரைவ் ஃபோல்டரில் கோப்புக்குப் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அந்தக் கோப்பு உங்கள் டிஸ்கில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. 'வீடு' ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள் இருந்தால், அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகே பேக்கப் எடுங்கள்.

ஆதார், பான், பத்திரம் போன்றவற்றை கிளவுடில் ஏற்றும் முன், கோப்புகளைச் சுருக்கி அடைக்கும் இலவசக் கருவியான 7-ஜிப்பில் 7இசட் வகையாக அடைத்து, பாஸ்வேர்டு கொடுத்து, 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' என்பதையும் டிக் செய்யுங்கள். ஏஇஎஸ்-256 முறையில் பூட்டுகிறது; பாஸ்வேர்டு வலுவாக இருந்தால் அதை உடைக்க நடைமுறையில் வழியில்லை. அதே காரணத்தால் பாஸ்வேர்டை நீங்கள் மறந்தாலும் வழியில்லை.

சாவிகள்

பாஸ்வேர்டுகளுக்கு, அவற்றைப் பூட்டி ஓரிடத்தில் சேமித்து வைக்கும் பிட்வார்டன் அல்லது கீபாஸ் வைத்துக்கொள்ளுங்கள். கீபாஸ் என்றால் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும், அதையும் 'வீடு' ஃபோல்டரில் போட்டால் தானாக பேக்கப்பில் சேரும். கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள் அது தரும் 10 பேக்கப் கோடுகளை அச்செடுத்துப் பத்திரங்களோடு வையுங்கள். போன் தொலைந்த அன்று அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

விண்டோஸ் 11 உள்ள புதிய லேப்டாப்களில் டிஸ்க் பெரும்பாலும் விண்டோஸின் சொந்தப் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டே வருகிறது, உரிமையாளருக்கே தெரியாமல். மதர்போர்டு மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் உங்கள் சாதனத்தின் கீழ் அந்தச் சாவி இருக்கிறதா என்று இன்றே பார்த்து, தாளில் எழுதிவையுங்கள்.

திரும்ப எடுத்துப் பாருங்கள்

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பேக்கப் டிஸ்கை வேறு ஒரு கம்ப்யூட்டரில் செருகுங்கள். இதை நீங்கள் செய்யாமல் வீட்டில் இன்னொருவரைச் செய்யச் சொல்லுங்கள். கணவர் எடுத்த பேக்கப்பை மனைவி திறக்க முடிய வேண்டும். அம்மா வைத்ததைப் பிள்ளை எடுக்க முடிய வேண்டும். மிகப் பழைய ஃபோல்டரிலிருந்து ஒரு படம், ஒரு வீடியோவின் நடுப்பகுதி, ஒரு பழைய தமிழ்க் கோப்பு, பாஸ்வேர்டு போட்ட ஒரு 7இசட் கோப்பு. நான்கும் திறந்தால் நல்லது. எங்கே தடுமாறுகிறார்களோ அதைச் சரிசெய்து, டிஸ்கின் முகப்பிலேயே 'முதலில் படிக்கவும்' என்ற சின்னக் குறிப்பில் எழுதிவையுங்கள்.

அதே நாளில் ஃப்ரீஃபைல்சிங்கில் ஒப்பிடும் முறையை 'ஃபைல் கன்டென்ட்' என்று மாற்றி ஒரு முறை ஓட்டுங்கள். தேதியையும் அளவையும் மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு கோப்பையும் முழுக்கப் படித்து ஒப்பிடும். மணிக்கணக்கில் ஆகும், ஆனால் வெளியே தெரியாமல் கெட்டுப்போன கோப்பு இதில்தான் மாட்டும்.

டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவையும் திறந்து பாருங்கள். 'குட்' என்று நீலத்தில் இருந்தால் சரி. 'காஷன்' என்று மஞ்சளாக மாறினால், குறிப்பாக 05, சி5, சி6 என்ற வரிசைகளில் எண் ஏறிக்கொண்டே போனால், டிஸ்கின் பரப்பு பழுதாகிறது என்று பொருள். அன்றைக்கே நகலெடுத்துவிட்டு டிஸ்கை மாற்றுங்கள். நீலமாக இருப்பது உத்தரவாதம் கிடையாது. முன்னறிவிப்பே இல்லாமல் நிற்கும் டிஸ்குகளும் உண்டு.

பேக்கப் இல்லாமல் இழந்துவிட்டால்

அழிந்த கோப்பின் இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை சாதாரண ஹார்ட் டிஸ்கிலும் மெமரி கார்டிலும் மீட்க வாய்ப்பு இருக்கிறது. அதனால் உடனே அந்த டிஸ்கைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். ரெக்குவா அல்லது போட்டோரெக் என்ற மீட்புக் கருவியை வேறு டிஸ்கில் நிறுவி, மீட்பதையும் வேறு டிஸ்கிலேயே சேமியுங்கள். போட்டோரெக் கோப்பின் உள்ளமைப்பை வைத்துத் தேடுவதால் பழைய பெயர்கள் பொதுவாகத் திரும்ப வராது, படங்கள் வரும். எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை ட்ரிம் என்ற வசதி சீக்கிரமே காலி செய்துவிடுவதால் அங்கே நம்பிக்கை குறைவு.

டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் எந்த சாஃப்ட்வேரும் ஓட்டாதீர்கள். மின்சாரத்தை நிறுத்துங்கள், ஒவ்வொரு முறை ஓடும்போதும் சேதம் கூடும். கடைக்குக் கொண்டுபோகும்போது ஃபார்மேட் செய்யக் கூடாது, விண்டோஸ் ஏற்றக் கூடாது, தரவுதான் வேண்டும் என்று முதல் வார்த்தையாகச் சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.